ஹாம் ரேடியோ கிட்டில் கோளாறு வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாகங்களாக வாங்கி, வீட்டு மேசையிலேயே சால்டர் செய்து கட்டும் சிறு வானொலிக் கருவிகளை, உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானலையில் பேசும் ஹாம்கள் ‘கிட்’ என்கிறார்கள். முதல்முறை சுவிட்சைப் போட்டதும் உயிர் பெறும் கிட்டுகள் உண்டு. பெறாமல் கிடப்பவையும் உண்டு. அப்படிக் கிடக்கும்போது கோளாறு எங்கே என்ற கேள்வியோடு, அதை யாரிடம், எப்படிச் சொல்வது என்ற கேள்வியும் சேர்ந்தே எழுகிறது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இரண்டாவது கேள்வியைப் பற்றியவை. ஆனால் முதலாவதைத் தொடாமல் இரண்டாவதற்குப் பதில் சொல்ல முடியாது என்பதை வாசிப்பவர் விரைவிலேயே கண்டுகொள்வார்.

பணம் கொடுத்துத்தானே வாங்குகிறோம்? விற்றவரிடம் ஏன் இவ்வளவு தன்மையாகப் பேச வேண்டும்?

இன்று கிடைக்கும் சிறு கிட்டுகளில் பலவற்றை வடிவமைப்பவரும், பாகங்களை எண்ணிப் பொட்டலம் கட்டுபவரும், அஞ்சலகத்தில் வரிசையில் நிற்பவரும், இரவில் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுபவரும் ஒரே ஆளாகவோ, ஒரு சிறு குடும்பமாகவோ, ஒரு கிளப்பின் தன்னார்வலர்களாகவோ இருக்கிறார்கள். எங்கள் குழுவுக்காக ஒருமுறை முப்பது கிட்டுகளைப் பொட்டலம் கட்டும் வேலையில் நானும் உட்கார்ந்திருந்தேன். ஒரு கிட்டுக்கு 84 பாகங்கள் என்றால் மொத்தம் 2,520 பாகங்கள். மாலையில் தொடங்கி நள்ளிரவு தாண்டியபோது, எந்தக் கவரில் எதைப் போட்டோம் என்று சத்தியம் செய்து சொல்ல எங்களில் ஒருவராலும் முடியவில்லை. அதற்குப் பிறகு நான் எழுதும் புகார்க் கடிதங்களின் குரலே மாறிவிட்டது.

பெரிய ஆலோசகர் படை வைத்திருந்த கிட் நிறுவனங்களும் ஒரு காலத்தில் இருந்தன. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இயங்கிய ஹீத்கிட், 1947இல் ஆசிலோஸ்கோப் கிட்டோடு இந்தத் தொழிலில் இறங்கி, 1992இல் கிட் விற்பனையை நிறுத்தும்வரை, ‘உங்களைத் தோற்க விடமாட்டோம்’ என்பதையே தன் வாக்குறுதியாகச் சொல்லிவந்தது. கட்டியது வேலை செய்யாவிட்டால் வழிசொல்ல அங்கே சம்பளத்துக்கு ஆள் இருந்தார்கள். இன்றைய கிட்டின் விலையில் அந்தச் சம்பளம் அடங்கியிருப்பதில்லை. அந்த இடத்தை நிரப்புவது ஒருவரது ஓய்வு நேரம்.

கிட் கைக்கு வந்ததும் முதலில் என்ன செய்வது?

சால்டர் அயர்னைச் சூடாக்க வேண்டாம். வெள்ளைத் துணியோ அகலமான தட்டோ விரித்து, பாகங்களை எண்ணி, கையேட்டில் உள்ள பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். எண்ணி முடித்ததும் ஒரு படம் எடுத்து வையுங்கள். அச்சிட்டு வந்த கையேட்டைவிடப் புதிய பதிப்பை வடிவமைப்பாளர் வெளியிட்டிருக்கலாம். பிழைதிருத்தமும் தனியாக இருக்கலாம். பாகங்களைப் பொருத்தும் சர்க்யூட் பலகையின் மேல் அச்சிட்டிருக்கும் பதிப்பு எண்ணும் கையேட்டின் பதிப்பு எண்ணும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். இந்த ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடித்தவர்கள் பின்னர் இரண்டு வாரங்களைச் செலவழித்திருக்கிறார்கள்.

ஒரு பாகம் குறைகிறது. எப்படிக் கேட்பது?

குறைகிறதா, கண்ணில் படவில்லையா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். ரெசிஸ்டர்கள் காகிதப் பட்டையில் வரும்போது இரண்டு மதிப்புகள் ஒரே பட்டையில் தொடர்ந்து வருவதுண்டு. சிறு செராமிக் கெப்பாசிட்டர்கள் கவரின் மடிப்பில் ஒட்டிக்கொள்ளும். பட்டியலில் சொன்ன மதிப்புக்குப் பதில் அதற்கு ஈடான வேறொன்றை வேண்டுமென்றே வைத்து, அதைக் கையேட்டின் ஓரத்தில் குறித்திருக்கவும் கூடும்.

உண்மையிலேயே குறைந்தால், அது எளிதில் கிடைக்கும் பாகமா என்று பாருங்கள். ஒரு கால்வாட் ரெசிஸ்டருக்காக வெளிநாட்டுக்கு எழுதி, அவர் பாகத்தின் விலையைப் போல் பல மடங்கு தபால்தலை ஒட்டி அனுப்புவதைவிட, சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிற ஒருவரிடம் சொல்லி வாங்கிக்கொள்வது எல்லோருக்கும் நல்லது. அப்படி வாங்கிக்கொண்டாலும் விற்றவருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்: ‘ஆர் 14 ரெசிஸ்டர் குறைந்தது, நானே வாங்கிப் பொருத்திவிட்டேன், அனுப்ப வேண்டாம், அடுத்த பொட்டலங்களைக் கவனிக்க உதவும் என்று தெரிவிக்கிறேன்.’ அந்தத் தொகுதி முழுவதிலும் அதே பாகம் விடுபட்டிருக்கலாம். எளிதில் கிடைக்காத படிகம் (கிரிஸ்டல்), புரோகிராம் ஏற்றிய ஐசி, கம்பி சுற்றிச் சுருள் செய்வதற்கான குறிப்பிட்ட டொராய்டு வளையம் போன்றவை குறைந்தால் தயங்காமல் கேளுங்கள். அவற்றைத் தருவது விற்றவரின் கடமை.

எல்லாம் பொருத்தியாகிவிட்டது, வேலை செய்யவில்லை. உடனே எழுதலாமா?

எழுதலாம். ஆனால் ‘உங்கள் கிட் பழுது’ என்று எழுதும் முன், பழுது நம் கையால் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்பதை ஏற்றுக்கொண்டு சில இடங்களைத் தேடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் குற்றவாளி எனாமல் கம்பி. டொராய்டில் சுற்றும் செப்புக் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத காப்புப் பூச்சு இருக்கிறது. சில வகைப் பூச்சுகள் சால்டர் சூட்டிலேயே எரிந்துவிடும்; மற்றவற்றை பிளேடால் சுரண்டியாக வேண்டும். ஈயம் கம்பியைச் சுற்றிப் பளபளப்பாக நிற்கும், உள்ளே தொடர்பு இருக்காது. கம்பியில் மல்டிமீட்டர் முனையை வைக்காமல், பலகையில் சால்டர் செய்யும் உலோகப் புள்ளியான ஒரு பேடிலிருந்து மறு பேடுக்கு வைத்து அளந்தால் உண்மை வெளிப்படும். சுழி ஓமை ஒட்டி வராவிட்டால் மீண்டும் சுரண்டுங்கள்.

அடுத்து சுற்று எண்ணிக்கை. வளையத்தின் துளை வழியே கம்பி ஒருமுறை நுழைந்தாலே அது ஒரு சுற்று. வெளிப்பக்கம் சுற்றி வந்ததை எண்ணுபவர்கள் ஒன்று கூடவோ குறையவோ விட்டுவிடுகிறார்கள். சுருளின் தூண்டம் (இன்டக்டன்ஸ்) சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால், 16 சுற்றுக்குப் பதில் 17 போட்டால் மதிப்பு ஏறத்தாழ 13 விழுக்காடு கூடிவிடுகிறது. வேண்டிய அலைவெண்களை மட்டும் விடும் ஃபில்டர் ஒன்றைக் கெடுக்க இது தாராளமாகப் போதும்.

பிறகு மதிப்புகள். மஞ்சள் விளக்கொளியில் சிவப்புப் பட்டையும் ஆரஞ்சுப் பட்டையும் ஒன்றுபோலத் தெரியும். 1 கிலோ ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 10 கிலோ ஓம் உட்கார்ந்துகொள்ளும். 101 என்று எழுதிய கெப்பாசிட்டர் 100 பிக்கோ ஃபாரட், 104 என்று எழுதியது 100 நானோ ஃபாரட். ஒரே ஓர் இலக்கம் வேறுபட்டாலும் மதிப்பு ஆயிரம் மடங்கு வேறுபடுகிறது. கடையில் மாற்றாகக் கிடைத்த டிரான்சிஸ்டரைப் பொருத்தியிருந்தால் கால்களின் வரிசையைப் பாருங்கள். 2என்3904இன் தட்டைப் பக்கத்தைப் பார்த்தால் இடமிருந்து வலமாக எமிட்டர், பேஸ், கலெக்டர். பிசி547இல் அதே வரிசை தலைகீழ். 2என்7000, பிஎஸ்170 என்ற டிரான்சிஸ்டர்கள் இரண்டுக்கும் இதே வம்பு உண்டு.

கடைசியாக டிரை சால்டர், அதாவது ஈயம் சரியாகப் பிடிக்காத இணைப்பு. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்த 63/37 ஈயக் கலவை 183 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் பலகையின் அகன்ற எர்த் செப்புப் பரப்போடு சேர்ந்த பேடுகள் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால், அங்கே அயர்னை இன்னும் சில நொடிகள் வைத்தால்தான் ஈயம் பாகத்தின் காலோடும் பேடோடும் சேர்ந்து ஓடும். சந்தேகமுள்ள இணைப்புகளையெல்லாம் ஒரு சுற்று மீண்டும் சூடாக்கியதிலேயே பல கிட்டுகள் பேசத் தொடங்கியிருக்கின்றன.

கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

பார்த்ததை எழுதுங்கள், அதிலிருந்து நீங்கள் எட்டிய முடிவைக் கடைசியில் வையுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். ‘ஐசி செத்துவிட்டது’ என்பது முடிவு. ‘ஐசியின் எட்டாம் காலில் 5 வோல்ட் இருக்க வேண்டும், 0.2 வோல்ட்தான் இருக்கிறது’ என்பது பார்த்தது. முதலாவதைப் படிக்கும் வடிவமைப்பாளர் உங்களிடம் பத்துக் கேள்விகள் கேட்டாக வேண்டும். இரண்டாவதைப் படிப்பவருக்கு அடுத்து எங்கே அளக்கச் சொல்ல வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும். தன்மையான சொற்களைவிட இந்த விவரம்தான் பெரிய மரியாதை என்பது என் கருத்து. ‘ஐயா’, ‘தயவுசெய்து’ என்று தொடங்கி ஒரே ஓர் அளவுகூட இல்லாமல் முடியும் கடிதம், படிப்பவரின் நேரத்தை இனிமையாகத் திருடுகிறது.

மாதிரிக்கு ஒன்று:

‘வணக்கம் சார். உங்களிடம் வாங்கிய 40 மீட்டர் அலைவரிசைக் கிட்டை, இரண்டாம் பதிப்புப் பலகையில், கையேட்டின் 31ஆம் படிவரை கட்டியிருக்கிறேன். சப்ளை 12.0 வோல்ட். ரிசீவ் நிலையில் 18 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. கையேடு 60 முதல் 70 என்கிறது. 7805 வோல்டேஜ் ரெகுலேட்டரின் வெளியீடு 5.02 வோல்ட். ஆசிலேட்டர் டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 0.3 வோல்ட்தான் காட்டுகிறது. எல் 1 சுருளின் முனைகளை மீண்டும் சுரண்டி சால்டர் செய்து பார்த்தேன், மாற்றமில்லை. பலகையின் இரு பக்கப் படங்களையும் இணைத்திருக்கிறேன். ஒரு டிரான்சிஸ்டரை முதலில் திருப்பி வைத்துப் பிறகு கழற்றி மாற்றினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்து எங்கே அளக்க வேண்டும் என்று நேரம் கிடைக்கும்போது சொன்னால் உதவியாக இருக்கும்.’

கடைசிக்கு முந்தைய வாக்கியத்தைக் கவனியுங்கள். நாம் செய்த தவற்றை மறைத்துவிட்டு உதவி கேட்பது, வயிற்றுவலியோடு வந்து என்ன சாப்பிட்டோம் என்று மருத்துவரிடம் சொல்லாமல் இருப்பதைப் போன்றது. படங்களைப் பகல் வெளிச்சத்தில், வண்ணப் பட்டைகள் தெரியும்படி எடுங்கள். சால்டர் விட்டுச் செல்லும் ஃபிளக்ஸ் கறையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு எடுத்தால், படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதே விடை உங்களுக்குக் கிடைத்துவிடலாம்.

எழுதி மூன்று நாட்களாகின்றன, பதில் இல்லை. என்ன செய்வது?

பொறுங்கள். ஒரு வாரம், விடுமுறைக் காலமென்றால் இரண்டு வாரம். பிறகு பழைய கடிதத்தையே கீழே வைத்து, ‘முந்தைய கடிதம் கிடைத்ததா?’ என்று மட்டும் கேளுங்கள். பதில் வராத மூன்றாம் நாளே பொது இடத்தில் ‘ஏமாற்றிவிட்டார்’ என்று சொல்லிவிட்டு, ஐந்தாம் நாள் அவர் மருத்துவமனையில் இருந்தார் என்று தெரிந்து சங்கடப்பட்டவர்களை நான் அறிவேன். மாதக்கணக்கில் பணமும் வராமல், பொருளும் வராமல், சொல்லும் வராமல் இருந்தால் கதை வேறு. அப்போது பணம் செலுத்திய வழியில் முறையிடுவதும், நடந்ததைத் தேதி வாரியாக, பட்டப்பெயர் எதுவும் சூட்டாமல் மற்றவர்களுக்குச் சொல்வதும் நியாயமே. பண்பு என்பது இழப்பை விழுங்கிக்கொள்வதாகாது.

டிரான்சிஸ்டரை நானே எரித்துவிட்டேன். இலவசமாக வேறொன்று கேட்கலாமா?

விலைக்குக் கேளுங்கள். ‘என் தவற்றால் எரிந்தது, தபால் செலவோடு எவ்வளவு ஆகும்?’ என்று எழுதினால், பணம் வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவரிடம் இருக்கிறது. அதை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

கோளாறு உண்மையிலேயே வடிவமைப்பில் இருந்தால்?

சொல்லத்தான் வேண்டும், அளந்து சொல்ல வேண்டும். இதற்கு ஹாம்கள் நன்கறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ஹைதராபாதைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான், விலை மலிவான பாகங்களைக் கொண்டே கட்டக்கூடிய, அனுப்பவும் கேட்கவும் உதவும் பிட்எக்ஸ் டிரான்ஸ்சீவர்களால் உலகெங்கும் அறியப்பட்டவர். அவற்றின் வரிசையில் பல பேண்டுகளில் (அலைவரிசைகளில்) இயங்கும் மைக்ரோ பிட்எக்ஸ் 2017 டிசம்பரில் வெளிவந்தது. அதை வாங்கியவர்களில் எந்த அலைவெண்ணில் எவ்வளவு வலிமை என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் வைத்திருந்த சிலர், சில பேண்டுகளில் ஹார்மோனிக்குகளும் (அனுப்பும் அலைவெண்ணின் மடங்குகளில் எழும் சிக்னல்கள்) தேவையற்ற பிற சிக்னல்களும் போதுமான அளவு அடக்கப்படவில்லை என்று 2018இல் கண்டார்கள். அமெரிக்க விதிப்படி, 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இயங்கும் புதிய டிரான்ஸ்மிட்டர்களில் இவை முதன்மைச் சிக்னலைவிடக் குறைந்தது 43 டெசிபல் தாழ்ந்திருக்க வேண்டும். எந்தப் பேண்டில், எந்த அலைவெண்ணில், எத்தனை டெசிபல் என்று எண்களோடு முன்வைத்தார்கள். ஃபில்டர்களை மாற்றும் ரிலே சுவிட்சு வழியாகச் சிக்னல் கசிகிறது என்று காரணத்தைத் தேடினார்கள். மாற்று ரிலேயையும் மாற்றுக் கம்பியிணைப்பையும் செய்து பார்த்து அந்த முடிவுகளையும் பகிர்ந்தார்கள். ஐந்தாம் பதிப்பில் வடிவமைப்பு திருத்தப்பட்டது. வடிவமைப்பு யாரும் பார்த்து மாற்றக்கூடியபடி திறந்ததாக இருந்ததால் குறையைக் கண்டவர்களாலேயே அதைத் திருத்தியும் பார்க்க முடிந்தது. அதே காலத்தில் கோபச் சொற்களும் பறந்தன. பலகையை மாற்றியவை டெசிபல் எண்கள்தான்.

மலிவாக ஒரு நகல் கிட் வாங்கினேன். அசல் வடிவமைப்பாளரிடம் உதவி கேட்கலாமா?

கேட்காமல் இருப்பதே முறை. அவருக்கு அதில் ஒரு பைசாவும் போகவில்லை. பாகங்களைத் தேர்ந்தெடுத்ததும் அவர் அல்லர். கேட்டே ஆக வேண்டுமானால், நகல் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

அருகில் உள்ள மூத்த ஹாம் ஒருவரிடம் கிட்டைக் கொண்டுபோகலாமா?

தாராளமாக. புதியவர்களுக்குக் கைகொடுக்கும் மூத்தவரை ஆங்கிலம் பேசும் ஹாம்கள் ‘எல்மர்’ என்பார்கள். 1971இல் அமெரிக்க ஹாம் இதழான க்யூஎஸ்டியில் வந்த ஒரு பத்தியிலிருந்து பரவிய பெயர் அது. நம் ஊரில் அவர் ‘சார்’தான், சில வீடுகளில் ‘அண்ணன்’ அல்லது ‘மாமா’. போகும் முன் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். கிட்டோடு கையேடு, சுற்றுப்படம், நீங்கள் எழுதிவைத்த அளவுகள், பவர் சப்ளை ஒயர் ஆகியவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். ‘சரிசெய்து வையுங்கள், அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்கிறேன்’ என்று மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினால், அவரை ரேடியோ மெக்கானிக் ஆக்கிவிடுகிறீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லும் இடத்தில் நீங்களே முனையை வைத்து அளங்கள்.

நான் உதவும் இடத்தில் இருக்கிறேன். புதியவரின் வேலை படுமோசமாக இருக்கிறது. எப்படிச் சொல்வது?

பலகையைப் பற்றிப் பேசுங்கள், ஆளைப் பற்றிப் பேசாதீர்கள். ‘இப்படியா சால்டர் செய்வது?’ என்பதற்குப் பதில், ‘இந்த இணைப்பில் ஈயம் காலைப் பிடிக்கவில்லை, அயர்னை இன்னும் இரண்டு நொடி வைத்துப் பாருங்கள்’ என்று சொல்லலாம். நன்றாக வந்த ஓர் இணைப்பைக் காட்டி, ‘மற்றவையும் இதைப் போல வரட்டும்’ என்றால் இன்னும் நல்லது. அமெரிக்க ஹாமான பால் சீகல் 1928இல் எழுதிய ஹாம்களுக்கான ஒழுக்கநெறி, ஹாம் என்பவர் நட்புள்ளவராக இருக்க வேண்டும் என்பதை விளக்கும்போது, கேட்டுக்கொண்டால் மெதுவாகவும் பொறுமையாகவும் செய்தி அனுப்புவதையும், தொடக்கநிலையாளருக்கு அறிவுரை சொல்வதையும்தான் முதலில் குறிப்பிடுகிறது. மெதுவாக அனுப்புவது மோர்ஸுக்கு மட்டும் பொருந்துவதன்று.

அவர் கையிலிருந்து அயர்னைப் பிடுங்காதீர்கள். எனக்கும் இது கடினமாகத்தான் இருக்கிறது.

வானலையில் ஒருவரது கிட் சிக்னல் கோளாறாகக் கேட்கிறது. சொல்லலாமா, விட்டுவிடலாமா?

சொல்லுங்கள், சொல்வதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. மோர்ஸில் எதிர்முனைக்காரரின் சிக்னலின் தெளிவு, வலிமை, தொனி ஆகியவற்றை மூன்று எண்களாக நாம் தரும் ஆர்எஸ்டி அறிக்கையில் மூன்றாம் எண் தொனியைக் குறிக்கிறது. 9 என்றால் தூய தொனி. மோர்ஸ் கீயை அழுத்தும்போது அலைவெண் நழுவி, குருவி கத்துவதுபோல ஒலித்தால், எண்களின் பின்னால் ‘சி’ என்ற எழுத்தைச் சேர்ப்பது பழைய வழக்கம். எல்லோருக்கும் 599 என்று முழு மதிப்பெண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பது மரியாதை போலத் தோன்றினாலும், புதிதாகக் கட்டியவருக்கு அது செய்யும் உதவி ஒன்றுமில்லை. உண்மையான எண்ணைக் கொடுத்து, எந்த அலைவெண்ணில் எப்படிக் கேட்டது என்று பிறகு தனியாக எழுதுங்கள். பலர் கேட்டுக்கொண்டிருக்கும் அலைவெண்ணில் பாடம் நடத்த வேண்டாம்.

பக்கத்து வீட்டார் என் கிட்டால் தங்கள் டிவி கெடுகிறது என்கிறார்கள். நான் 5 வாட்தான் அனுப்புகிறேன்.

‘5 வாட்டில் அப்படி ஆகாது’ என்று வாசலில் நின்று வாதாடாதீர்கள். உரிமம் பெற்றவர் என்பதும் அங்கே எடுபடாது. எந்த நேரத்தில், எந்தச் சேனலில் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அவர்கள் டிவியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் வீட்டிலிருந்து ஒருவர் அனுப்பியும் நிறுத்தியும் பார்க்கட்டும். உங்களால்தான் என்று தெரிந்தால் அன்றே நிறுத்திவிட்டு, கருவியை ஆன்டெனாவுக்குப் பதிலாக 50 ஓம் டம்மி லோடில் போட்டு, உயர் அலைவெண்களைத் தடுக்கும் லோ பாஸ் ஃபில்டரைச் சோதியுங்கள். அந்தச் சுருள்களில் ஒரு சுற்று தவறியிருந்தால், 7.030 மெகாஹெர்ட்ஸில் அனுப்புவது 14.060இலும் 21.090இலும் சேர்ந்தே வெளியேறும். அப்போது பக்கத்து வீட்டார் உங்கள் டிரான்ஸ்மிட்டரின் குறையை இலவசமாகக் கண்டுபிடித்துத் தந்திருக்கிறார்கள் என்றாகிறது. உங்களால் இல்லை என்று தெரிந்தாலும், காரணம் அவர்கள் வீட்டு மலிவான எல்இடி அடாப்டரா என்று தேட உடன் நில்லுங்கள்.

புகார் எழுதிய பிறகு தவறு என்னுடையது என்று தெரிந்தது. இப்போது என்ன செய்வது?

இது எனக்கே நடந்தது. ஒரு கிட்டில் 47 பிக்கோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று இல்லை என்று இரவு பதினொன்றரை மணிக்குச் சற்றுக் காரமாகவே எழுதினேன். விற்றவர் ஒரு வார்த்தைகூட மறுத்துப் பேசாமல் மறுநாளே இரண்டு கெப்பாசிட்டர்களை விமானத் தபாலில் அனுப்பிவைத்தார். அவை வந்துசேரும் முன்பே, பொட்டலத்தை ஒட்டிவந்த செலோடேப்பின் உட்புறத்தில் காணாமல்போனது ஒட்டிக்கொண்டிருந்ததை என் மனைவி கண்டெடுத்தாள். நான் அந்த டேப்பை மூன்று முறை கையில் எடுத்துக் கசக்கியிருக்கிறேன்.

அன்றே எழுதினேன்: கெப்பாசிட்டர் இருந்தது, எங்கே இருந்தது, எழுதிய தொனிக்கு வருந்துகிறேன், தபால் செலவை அனுப்ப வழி சொல்லுங்கள். அவர் பணம் வாங்கவில்லை. செலோடேப்பின் கதையைக் கையேட்டில் சேர்க்கலாமா என்று மட்டும் கேட்டார். அடுத்த பதிப்பில், பாகங்களை எண்ணும் படியில், ‘டேப்பின் உட்புறத்தையும் பாருங்கள்’ என்று ஒரு வரி இருக்கிறது.